குன்னூர் ஏறியதும் உப்பிய பலகை

தண்ணீரில் நின்று துடுப்புப் போட நான் செய்த பலகை இப்போது பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. நீளம் பத்தரை அடி, அகலம் 32 அங்குலம், எடை 12.4 கிலோ. மேல்பக்கத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னால், முறம் அளவுக்கு ஒரு தழும்பு. அதைப் பெயின்ட் அடித்து மறைத்துவிடச் சொல்கிறார்கள். நான் விட்டுவைத்திருக்கிறேன். அந்தத் தழும்பின் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் செய்த தப்புகளைச் சொல்லாமல் அதற்கு வர முடியாது.

குன்னூரில் சின்னதாகத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல், கதவு, எஸ்டேட் பங்களாக்களின் பழைய நாற்காலிகளுக்குக் கால் மாற்றுவது, இதுதான் பிழைப்பு. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் ஒருமுறை பேடில் போர்டில், அதாவது நின்றபடி துடுப்புப் போடும் பலகையில், அரைமணி நேரம் வாடகைக்கு ஏறினேன். அதில் இருபது நிமிடம் தண்ணீருக்குள் இருந்தேன். ஆனாலும் ஆசை விடவில்லை.

முதலில் கையாலேயே செய்து பார்த்தேன். இரண்டடி நீளத்தில் ஒரு மாதிரி. தெர்மாகோலைச் சூட்டுக் கம்பியால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மரத்தில் பழகிய கைக்கு தெர்மாகோல் பிடிபடவில்லை. ஒரு தேய்ப்பு கூடினால் முத்து முத்தாகப் பிய்ந்து வருகிறது. இடது விளிம்பையும் வலது விளிம்பையும் அட்டை வைத்து ஒப்பிட்டால் 9 மி.மீ. வித்தியாசம். இரண்டடியிலேயே இப்படியென்றால் பத்தரை அடிக்கு என்ன ஆகும்? அப்போதுதான் கோவையில் பூஜை அறைக் கதவுக்குப் பூ வேலை வெட்டும் சிஎன்சி இயந்திரங்கள், அதாவது கணினியில் வரைந்த படத்தைப் பார்த்துத் தானே செதுக்கும் இயந்திரங்கள், நினைவுக்கு வந்தன. கதவில் பிள்ளையாரைச் செதுக்குகிற இயந்திரத்துக்கு ஒரு பலகை பெரிய விஷயமா?

வரைவதற்குப் போர்டுகேட் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டேன். அலைச்சறுக்குப் பலகைகளுக்கென்றே செய்தது அது. மேலிருந்து பார்க்கும் வடிவம், பக்கவாட்டு வளைவு, சில இடங்களில் குறுக்குவெட்டு, இவ்வளவு கொடுத்தால் முழு உருவமும் கொள்ளளவும் வந்துவிடும். என் எடை 82 கிலோ. ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். அதற்காக 95 லிட்டரில் செய்தால் பலகை மூழ்காது, ஆனால் நான் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தடுமாறுவேன். கற்றுக்கொள்கிறவனுக்குத் தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் நிம்மதி. 190 லிட்டர் வைத்தேன். அதிகபட்சத் தடிமன் 118 மி.மீ., மூக்குத் தூக்கல் 95, வால் தூக்கல் 40.

போன முதல் கடையில் இயந்திரத்தின் குறுக்குச் சட்டத்துக்கும் மேசைக்கும் நடுவே ஆறு அங்குலம்தான் இடைவெளி. என் தெர்மாகோல் கட்டியே 150 மி.மீ.; அதற்கு மேலே பிட், அதாவது சுழன்று வெட்டும் அலகு, எங்கே நிற்கும்? இரண்டாவது கடையில் கல்யாண மேடைக்குத் தெர்மாகோல் யானை, மயில் எல்லாம் வெட்டுகிறார்கள். அதனால் அங்கே இயந்திரத்துக்கு உயரம் 300 மி.மீ. இருந்தது. மேசை நான்குக்கு எட்டு அடி. பத்தரை அடிப் பலகை அதில் கிடக்காது, எனவே மூக்குப் பாதி, வால் பாதி என்று இரண்டாக வெட்டி ஒட்டுவது என்று முடிவானது. இயந்திரம் ஓட்டும் தம்பி திரையில் படத்தைப் பார்த்துவிட்டு, "எந்த மண்டபத்துக்குங்ண்ணா இது?" என்றார்.

"மண்டபத்துக்கு இல்ல தம்பி, தண்ணியில மிதக்க."

"மிதக்குமுங்ளா?"

எனக்கும் அதே சந்தேகம்தான்.

தெர்மாகோல் தொழிற்சாலையில் கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தி கேட்டு வாங்கினேன். கடைகளில் பொட்டலம் கட்ட வருவது இதைவிட லேசு, அதில் குதிகால் பதிந்துவிடும். ஒரு கட்டி 1650 × 850 × 150 மி.மீ., விலை 1,050 ரூபாய். இரண்டு போதும் என்று நினைத்து இரண்டு வாங்கினேன்.

இயந்திரம் மேலிருந்து மட்டுமே வெட்டும். மேல்பக்கத்தை வெட்டி, கட்டியைப் புரட்டிப் போட்டு, அடிப்பக்கத்தை வெட்ட வேண்டும். முழு வேலையின் உயிர்நாடியும் இந்தப் புரட்டலில்தான் இருக்கிறது, அதைத்தான் நான் அலட்சியமாக விட்டேன். கட்டியின் ஒரு மூலையைச் சுழியம் என்று வைத்துத் தம்பி ஓட்டினார். மேல்பக்கம் அருமையாக வந்தது. புரட்டினோம், அதே மூலையைத் தொட்டு மறுபடி ஓட்டினோம். முடிந்து எடுத்துப் பார்த்தால் ஒரு விளிம்பில் 4 மி.மீ. படி, மறு விளிம்பில் அதே அளவு பள்ளம். கட்டியை டேப் வைத்து அளந்தேன். ஒரு பக்கம் 1655, எதிர்ப்பக்கம் 1649. தொழிற்சாலைச் சூட்டுக் கம்பி வெட்டிய கட்டி சதுரமாக இருக்கும் என்று எவன் சொன்னான்? மரம் வந்தால் முதலில் மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறவன், தெர்மாகோல் என்றதும் பார்க்கவில்லை. படியைத் தேய்த்துச் சரிக்கட்டப் பார்த்தேன். தேயத் தேய இடது பக்கம் ஒடுங்கிக்கொண்டே போனது. மூக்குப் பாதி குப்பைக்குப் போனது. மூன்று மணி நேர இயந்திர வாடகையும் அதோடு.

மூன்றாவது கட்டிக்கு முளை வைத்தோம். மேசைமேல் 18 மி.மீ. எம்டிஎஃப் தட்டு (மரநாரை அழுத்திச் செய்தது) ஒன்றைத் திருகி, வெட்டப்போகும் பலகையின் நீளவாக்கு நடுக்கோட்டில், வெட்டுக்கு வெளியே, இயந்திரத்தைக் கொண்டே இரண்டு 10 மி.மீ. துளைகளைக் கட்டியையும் எம்டிஎஃப்பையும் சேர்த்து ஊடுருவிப் போட்டோம். அதில் மர முளை. நடுக்கோட்டை அச்சாக வைத்துப் புரட்டினால் துளைகள் இருந்த இடத்திலேயே வந்து உட்காரும், கட்டியின் ஓரம் எப்படிக் கோணி இருந்தாலும் கவலையில்லை. இந்தத் தடவை விளிம்புச் சேர்க்கையில் விரல் ஓட்டினால் அரை மி.மீ.கூடத் தட்டவில்லை. தச்சன் முளையை மறந்ததற்கு 2,850 ரூபாய் அபராதம்.

இன்னொரு தொல்லை எதிர்பாராதது. பாதிக் கட்டி வெட்டுப்பட்டு இரண்டு கிலோவுக்குக் கீழே வந்ததும், தூசி உறிஞ்சும் குழாய் பக்கத்தில் வரும்போதெல்லாம் கட்டியையே தூக்கப் பார்த்தது. பிடிப்பான் போட்டு இறுக்கினால் அழுந்திப் பள்ளம் விழும். அதனால் சுற்றுச் சட்டத்தை முழுக்க வெட்டி எடுக்காமல், 40 மி.மீ. அகலத்தில் ஆறு இடங்களில் பாலம் விட்டுவைத்து, சட்டத்தை இரட்டை ஒட்டு டேப்பால் எம்டிஎஃப்பில் ஒட்டினோம். கடைசியில் ரம்பத்தால் பாலங்களை அறுத்துக்கொண்டேன்.

முதலில் 20 மி.மீ. தட்டை பிட்டால் முரட்டு வெட்டு, பிறகு 12 மி.மீ. உருண்டை மூக்கு பிட்டால் நயம் வெட்டு. அந்த நீள பிட் 1,800 ரூபாய், நானேதான் வாங்கிக் கொடுத்தேன். வரிக்கு வரி 2 மி.மீ. நகர்த்தலாம் என்று நான் சொல்ல, தம்பி கணக்குப் போட்டுக் காட்டினார்: நயம் வெட்டுக்கு மட்டும் ஒன்பது மணி நேரம். 4 மி.மீ. ஆக்கினோம். அப்போது வரிகளுக்கு நடுவே நிற்கும் மேடு 0.3 மி.மீ. சொச்சம்தான். ஒரு பாதியின் ஒரு பக்கத்துக்கு, முரட்டு வெட்டையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரம். வரிகளைக் குறுக்கே ஓடவிடாமல் நீளவாக்கில் ஓடவிட்டது மட்டும் முதல் தடவையே சரியாகச் செய்தது. நீள ரீப்பர் கட்டையில் 80 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, மூக்கிலிருந்து வாலுக்கு நாலு இழுப்பு இழுத்தால் மேடுகள் போய்விடுகின்றன.

தெர்மாகோல் தூளைச் சொல்லாமல் விடக்கூடாது. நான்கு சாக்கு நிரம்பியது. சட்டை, புருவம், தம்பியின் டீ டம்ளர் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை இதைக் கோவையிலேயே முடித்தேன். குன்னூர் காற்றில் திறந்திருந்தால் தேயிலைத் தோட்டமெல்லாம் ஆலங்கட்டி மழை பெய்ததுபோல் ஆகியிருக்கும். பிளாஸ்டிக் விஷயத்தில் நீலகிரி கெடுபிடியான ஊர்.

இரண்டு பாதிகளையும் பழைய வேட்டியில் சுற்றி, அரசுப் பேருந்தின் கடைசி இருக்கையில் வைத்து மேலே கொண்டுவந்தேன். நடத்துனர் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிதுக்கு இவ்வளவு கம்மி எடையா என்று லக்கேஜ் சீட்டை அரை மனதோடு கிழித்தார்.

பட்டறைக்கு வந்தபின் நடந்தது எனக்குப் பழகிய வேலை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இரு பாதிகளையும் ஒட்டி, நடுக்கோட்டில் சூட்டுக் கம்பியால் நீளமாகப் பிளந்து, உள்ளே 6 மி.மீ. மரைன் பிளைவுட் முதுகெலும்பு வைத்தேன். அதையும் இயந்திரமே பக்க வளைவுக்கு ஏற்ப இரண்டு துண்டாக வெட்டித் தந்திருந்தது, 48 மி.மீ. சாய்வு வெட்டுப் போட்டு இணைத்தேன். பிளைவுட் இணைப்பும் தெர்மாகோல் இணைப்பும் ஒரே இடத்தில் வரக்கூடாது, 400 மி.மீ. தள்ளி வைத்தேன். கம்பி 2 மி.மீ. தின்றது, பிளைவுட் 6 மி.மீ. சேர்ந்தது, பலகை 4 மி.மீ. அகலமாகிவிட்டது, அது ஒன்றும் செய்யாது. ஃபின், அதாவது பலகை நேராகப் போக அடியில் வால் பக்கம் பொருத்தும் செங்குத்துத் தகடு, நிற்கும் இடத்துக்குச் சில்வர் ஓக் கட்டை. தேயிலைக்கு நிழலுக்காக நடும் மரம், எங்கள் ஊரில் கேட்டால் கிடைப்பது அதுதான்.

அடுத்தது மேலே கண்ணாடி இழைத் துணி. பாலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் அது தெர்மாகோலைத் தின்னும். ஒரு துண்டில் விட்டுப் பார்த்தேன், வாயில் போட்ட பஞ்சு மிட்டாய்போலக் கரைந்து போனது. எனவே எபாக்சிதான், இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகிக் கெட்டியாகும் பிசின். அடிப்பக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணி இரண்டு அடுக்கு.

இதைச் செய்தது மார்கழியில். இரவில் பட்டறைக்குள் 9 டிகிரி. டப்பாவில் எழுதியிருந்த எட்டு மணி நேரம் போய், ஒரு நாள் போய், மூன்றாம் நாளும் விரல் வைத்தால் ஒட்டியது. தார்ப்பாய்க் கூடாரம் கட்டி உள்ளே இரண்டு 200 வாட் பல்பு எரியவிட்டேன். கெட்டியானது, ஆனால் பனி ஈரத்தில் மேலே வெள்ளையாக மெழுகுபோல ஒரு படலம். அதன்மேல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்கிறது, அப்படியே அடுத்த பூச்சு கொடுத்தால் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் நார் வைத்துக் கழுவித் துடைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. இந்த இழுபறியில் சலித்துப்போய், மேல்பக்கத்தைக் கோவையிலேயே போட்டுவிடலாம் என்று குட்டி யானை பிடித்து முழுப் பலகையையும் கீழே கொண்டுபோனேன். வாடகை 3,500.

அங்கே நிலைமை தலைகீழ். 31 டிகிரி. ஒரே குவளையில் 400 கிராம் கலக்கிவிட்டுத் துணியை நீவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் குவளை புகைகிறது. கையில் தொட முடியாத சூடு, உள்ளே கல். மலையில் மூன்று நாள் இறுகாதது கீழே இருபது நிமிடத்தில் இறுகிவிட்டது. பிறகு இருநூறு இருநூறு கிராமாகக் கலந்து, கலந்த உடனே துணியில் ஊற்றிப் பரப்பினேன். மூன்று அடுக்கு. மறுநாள் காலை தட்டினால் டங் என்று சத்தம். இவ்வளவு சுத்தமான வேலையை நான் செய்தேனா என்று எனக்கே ஆச்சரியம். கடைசிப் பூச்சில் ஒரு ஊசித் துளைகூட இல்லாமல் பார்த்துப் பார்த்து அடைத்தேன்.

மறுபடி 3,500 கொடுத்து மேலே புறப்பட்டோம். ஓட்டுநர் மேட்டுப்பாளையத்தில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி டேஷ்போர்டில் போட்டார். கல்லாறு தாண்டி, பர்லியாறு வரும்போது அது உப்பிக்கொண்டு கண்ணாடியில் முட்டி நின்றது. "மலை ஏறினா இதுக்கும் வயிறு வந்துருது சார்" என்றார். இருவரும் சிரித்தோம். பின்னால் கட்டியிருந்த பலகையைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை.

குன்னூர் வந்து போர்வையை எடுத்தேன். மேல்பக்கத்தில், நடுவுக்குச் சற்றுப் பின்னால், பூரி.

40 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலத்துக்குத் துணி தெர்மாகோலை விட்டுப் பிரிந்து எழும்பி நின்றது. அழுத்தினால் பந்துபோல் எதிர்த்தது. கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 410 மீட்டர், குன்னூர் 1,850. கோவையில் காற்றழுத்தம் 965 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருந்தால் இங்கே 810. அங்கே உள்ளே அடைத்த காற்று இங்கே வந்ததும் வெளியே தள்ளுகிறது. இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு சதுர அடிக்கு 145 கிலோ. குளிர் கொஞ்சம் குறைத்திருக்கும், ஆனால் வழியெல்லாம் வெயில் பலகைமேல் விழுந்திருந்தது. ஊசித் துளை இல்லாமல் அடைத்தேன் என்று பெருமைப்பட்டேனே, அதுதான் வினை. துணிக்கு அடியில் எங்கே பிடிப்பு குறைவோ அங்கே கிளம்பியிருக்கிறது. அந்த இடத்தில் முதல் பூச்சைத் தேய்த்த தூளைச் சரியாகத் துடைக்காமல் துணி போட்டது நினைவிருக்கிறது.

3 மி.மீ. துளை போட்டேன். புஸ் என்று வெகுநேரம் காற்று வந்தது. வீக்கம் அமர்ந்தது, ஆனால் காசால் தட்டினால் பொத் பொத் என்றது. முதலில் சுலப வழியைப் பார்த்தேன்: பன்னிரண்டு துளை போட்டு ஊசிப் பீச்சியில் எபாக்சி ஏற்றி, மேலே மணல் மூட்டை. பாதிதான் பிடித்தது, மீதி ஒரு மூலையில் குளம்போலத் தேங்கிவிட்டது. சரி, அரைகுறை வேண்டாம் என்று தோலையே அறுத்து எடுத்து, தெர்மாகோலைச் சமன் செய்து, சுற்றிலும் பழைய துணிமேல் 50 மி.மீ. ஏறும்படி மூன்று அடுக்கு ஒட்டுப் போட்டேன். கூடாரமும் பல்பும் மறுபடி. இந்த முறை உள்ளே வெப்பமானி தொங்கவிட்டு, 28 டிகிரிக்குக் கீழே போகவிடவில்லை.

அதற்கும் முன்னால் காற்றுத் துளை வைத்தேன். கைப்பிடிக்கு அருகே சில்வர் ஓக் குமிழ் ஒன்றைப் பதித்து, தெர்மாகோல் வரை ஊடுருவத் துளையிட்டு, கட்டில் பூட்டப் பயன்படும் பித்தளை இன்சர்ட்டை, அதாவது உள்ளே மரை வெட்டிய குழலை, அதில் இறக்கினேன். மேலே எம்6 ஆலன் திருகு, அதற்கடியில் ரப்பர் வளையம். மொத்தம் 45 ரூபாய்ச் சாமான். காற்றை விட்டுத் தண்ணீரை விடாத சவ்வு வைத்த அடைப்பான்களும் உண்டு, அதில் திறந்து மூடும் வேலையே இல்லை. அடுத்த பலகைக்கு அதுதான்.

தண்ணீருக்கு எங்கே போவது என்பது தனிக் கதை. ஊட்டி ஏரியில் படகு இல்லத்தைத் தாண்டிச் சொந்தப் பலகையோடு இறங்க முடியாது. எமரால்டு, அவலாஞ்சி எல்லாம் மின்வாரியத்தின் அணைகள். கடைசியில் கேத்தி பக்கம் கேரட் போடும் நண்பர் ஒருவரின் பண்ணைக் குட்டை கிடைத்தது. தார்ப்பாய் விரித்த குட்டை, 25 மீட்டருக்கு 15. உயிர்காப்பு உடை போட்டுக்கொண்டு ஏறினேன். மூன்று தள்ளு தள்ளினால் அந்தக் கரை வந்துவிடுகிறது, அங்கே ஃபின் தார்ப்பாயைக் கிழிக்காமல் இறங்கித் திருப்ப வேண்டும். நேராகப் போகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று அந்தத் தூரத்தில் எப்படிச் சொல்வது? மிதந்தது, மட்டமாக நின்றது, நான் விழவில்லை. நண்பரின் அம்மா கரையில் நின்று, "உரம் தெளிக்க உதவுமா அது?" என்று கேட்டார்.

இரண்டாவது தடவை போனபோது திருகை மூட மறந்துவிட்டேன். வெயிலில் கிடந்து சூடேறிய பலகையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்ததும் உள்ளே இருந்த காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தால் 13.1 கிலோ. துளை கீழே பார்க்கத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பக்கத்தில் பல்பு வைத்து நான்கு நாள் உலர்த்தியபின் 12.4க்குத் திரும்பியது.

செலவு: தெர்மாகோல் மூன்று கட்டி 3,150, இயந்திர வாடகை ஒன்பது மணி நேரம், மணிக்கு 600 வீதம் 5,400, பிட் 1,800, பிளைவுட், மரம் 1,400, எபாக்சி ஏழு கிலோ 5,040, துணி 1,820, குட்டி யானை 7,000, உப்புத்தாள், தூரிகை, கையுறை, இன்சர்ட் எல்லாம் 1,690. ஆக 27,300. இதில் வீணான கட்டி, அதை வெட்டிய மூன்று மணி நேரம், குவளையில் கல்லானதும் ஒட்டுக்குப் போனதுமான எபாக்சி இரண்டு கிலோ, போகவர வண்டி, இவை மட்டும் 11,000க்கு மேல்.

அடுத்ததை ஏப்ரலில் தொடங்குவேன், துணி வேலை முழுவதையும் குன்னூரிலேயே முடிக்க. காற்றுத் துளையை மேல்துணிக்கு முன்பே வைப்பேன். நயம் வெட்டில் வரிக்கு வரி 6 மி.மீ. போதும், மேடு 0.8 மி.மீ. ஆகும், அதை ரீப்பர் கட்டை பார்த்துக்கொள்ளும், இயந்திர நேரம் குறையும். தம்பியும் தனக்கு ஒன்று வேண்டும் என்கிறார், ஆழியாறு பக்கம் போடலாமாம். கூலி வாங்க மாட்டாராம், கட்டி மட்டும் நான் வாங்கித் தர வேண்டுமாம். மூலைமட்டத்தோடு போய்த்தான் வாங்குவேன்.

5 மி.மீ. ஆலன் சாவி இப்போது வண்டிச் சாவிக்கொத்தில் தொங்குகிறது. வண்டியில் ஏற்றும்போது திற, தண்ணீரில் இறக்கும்போது மூடு என்று திருகுக்குப் பக்கத்தில் மார்க்கரால் எழுதியிருக்கிறேன்.